கடலுக்கடியில் படம் எடுக்கப் பழக: கோவளமா, ஹேவ்லாக்கா, திருகோணமலையா?

குமரி மாவட்டத்தில் கல்யாண ஃபோட்டோகிராஃபர்களுக்குப் பஞ்சமில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்த ஊர் பஜாரில் நடந்தாலும் ஒரு ஸ்டுடியோ போர்டு கண்ணில் படும். அவர்களில் சிலர் கொஞ்ச காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு டைவிங் பயணம் போய், தண்ணீருக்கடியில் படம் எடுக்கப் பழகிவிட்டு வர வேண்டும். எங்கே போகலாம், எப்போது போகலாம், என்ன கேமரா கொண்டுபோகலாம்? கேமராவை நன்றாகத் தெரிந்தவர்கள், கடலையும் கரையிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள், ஆனால் ஸ்கூபா டைவிங் தெரியாதவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைவிங் சான்றிதழைக் கேரளத்துக் கோவளத்தில், கேமரா இல்லாமல் வாங்குங்கள். படம் பழக அந்தமானின் ஹேவ்லாக் போங்கள். ஆடி மாதம் தவிர வேறு லீவே கிடையாது என்பவர்கள் திருகோணமலைக்குப் போங்கள். மாலத்தீவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். காரணங்களைப் படித்துப் பாருங்கள். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறும்.

முதலில் மாதம், அப்புறம் இடம்

எல்லோரும் இடத்தை முடிவு செய்துவிட்டு லீவைத் தேடுகிறார்கள். கல்யாண வேலை செய்கிறவர்களுக்கு அது சரிப்படாது. வருடத்தில் மூன்று காலங்களில்தான் இவர்களுக்குக் கை ஓய்வு: ஆடி, மார்கழி, அப்புறம் கிறிஸ்தவர்களின் தவக்காலம். நம் மாவட்டத்தில் கோவில் கல்யாணங்களுக்குச் சமமாகச் சர்ச் கல்யாணங்களும் இருப்பதால், மூன்றாவது ஓய்வு இங்கே உண்மையான ஓய்வுதான்.

ஆடியில் நம் பக்கத்துக் கடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தில் அடிக்கும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு. கோவளத்திலும் அந்த மாதங்களில் டைவிங் நடக்காது. அந்தமானிலும் அது மழைக்காலம். படகு போனாலும் தண்ணீர் கலங்கியிருக்கும், கப்பல் போக்குவரத்து நிச்சயமில்லை.

மார்கழி பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்துறையாறு தேங்காய்ப்பட்டணத்தில் கொண்டுவந்து கொட்டிய சேறு அடங்கி, தண்ணீர் தெளியத் தொடங்கும் நேரம். ஆனால் வருடத்துக்கு வருடம் மாறும். ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் 30-ஆம் தேதி. அதனால் கார்த்திகைக் கடைசிக்கு எதையும் பதிவு செய்யாதீர்கள். மார்கழிப் பாதிக்குமேல் பாருங்கள்.

தவக்காலம் பிப்ரவரி, மார்ச்சில் வரும், சில வருடங்களில் ஏப்ரல்வரை நீளும். கோவளத்திலும் அந்தமானிலும் லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருப்பது அதே மாதங்களில்தான். இவ்வளவு பொருத்தமாக ஒரு ஓய்வு அமையும்போது அதை விட்டுவிட்டு ஆடியில் அலைய வேண்டாம் என்பது என் கட்சி.

மூச்சு விஷயம்

கேமரா இல்லாமல் சான்றிதழ் வாங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மங்கலான மண்டபத்தில் மெதுவான ஷட்டரில் படம் எடுக்கும்போது நாம் என்ன செய்வோம்? முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பட்டனை அழுத்துவோம். வருடக்கணக்கில் செய்து கைக்கும் நெஞ்சுக்கும் பழகிப்போன விஷயம். சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் இருக்கும்போது அதே பழக்கம் உயிருக்கு ஆபத்து. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்து சேரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியிருந்தால் அது வெளியேற வழி கிடையாது, நுரையீரல் கிழியும். ஓரிரு மீட்டர் தன்னையறியாமல் மேலே மிதந்தால்கூட, நிறைந்த நெஞ்சுக்கு ஆபத்துதான்.

"கடியபட்டணத்தில் சிப்பி குளிக்கிறவங்க மூச்சை அடக்கித்தானே போறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சிப்பி எடுக்கிறவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். கீழே போகப்போக அந்தக் காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதற்குமேல் போகாது. சிலிண்டரிலிருந்து வருவது ஆழத்தின் அழுத்தத்திலேயே உள்ளே போகும் காற்று. வித்தியாசம் அங்கேதான்.

மூச்சு விட்டுக்கொண்டே இருப்பது இன்னொரு வேலையையும் செய்கிறது. மெதுவாக இழுத்தால் உடல் கொஞ்சம் ஏறும், மெதுவாக விட்டால் கொஞ்சம் இறங்கும். கையையும் காலையும் அடிக்காமல், மூச்சினாலேயே ஒரே இடத்தில் மிதந்து நிற்கத் தெரிந்தவருக்குத்தான் படம் வரும். தெரியாதவர் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அது ஒடியும். அந்த மிதப்பு கைவரும்வரை கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஒருவர் கேமரா இல்லாமல் பத்து டைவாவது செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். பலர் ஐந்து போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஆழம் கூடக் கூட நேரம் குறையும்

கடலடிப் படம் என்றதும் எல்லோரும் ஆழத்தைத்தான் கேட்கிறார்கள். பழகுகிற காலத்தில் ஆழம் உதவாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக விட்டுவிட வேண்டும், மீதி 1650 லிட்டர். புதிதாக வருகிறவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டரில் அது 40 லிட்டர் ஆகும். நாற்பது நிமிடம் இருக்கலாம். இருபது மீட்டரில் 60 லிட்டர். அரை மணி நேரம்கூட வராது.

வெளிச்சமும் அப்படித்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கிவிடும், பத்து மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லை. அரக்குப் பட்டுப்புடவையை அங்கே கொண்டுபோனால் கருப்பாகத் தெரியும். செந்நவரை மீன் ஒன்று பன்னிரண்டு மீட்டரில் சாம்பல் நிறத்தில் சும்மா கிடக்கும். டார்ச்சை அதன்மேல் திருப்பினால் அந்தக் கணமே சிவந்து எழும். ஃப்ளாஷோ விளக்கோ இல்லாமல் ஆழத்தில் எடுத்த படம் எல்லாம் நீலமாகவோ பச்சையாகவோ வருவது இதனால்தான். லைட்ரூமில் சிவப்பை ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பதிவாகாத நிறத்தை ஏற்றினால் வெறும் புள்ளிதான் பெருகும்.

ஆகவே ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் நல்ல பவளமோ பாறையோ இருக்கிற இடம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க விடுகிற ஆட்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஊர்களை எடைபோடுகிறேன். தெளிவு மூன்றாவது.

ஊர் ஊராகப் பார்த்தால்

கோவளம் நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம், களியக்காவிளையில் நெரிசல் இல்லாவிட்டால். காலையில் கிளம்பிப் போய் டைவ் செய்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கலாம். தங்கும் செலவு இல்லை, பேச்சு மலையாளம் கலந்த தமிழில் நடந்துவிடும். பாறைகள் நிறைந்த அடித்தளம். அஞ்சாலை, கலவா, கணவா, கல்லிறால் என்று நம் சந்தையில் பார்க்கிற உயிர்களை உயிரோடு பார்க்கலாம். குறை, தண்ணீர். இன்று தெளிவாக இருப்பது நாளைக்குக் கலங்கிவிடும், அலையின் ஆட்டம் கீழேயும் தெரியும். படம் பழக இது எரிச்சலான இடம். ஆனால் மிதக்கப் பழக நல்ல இடம். இந்த ஆட்டத்தில் நின்று பழகியவர் அந்தமானில் அசையாமல் நிற்பார். ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலைச் சான்றிதழுக்கு மூன்று நான்கு நாள் ஆகும், கடலில் நான்கு பயிற்சி டைவ் உண்டு. அது இருந்தால் 18 மீட்டர்வரை போகலாம். 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பப் போய் எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பதன் லாபமே அதுதான்.

ஹேவ்லாக், இப்போது சுவராஜ் தீவு. சென்னைக்கு ராத்திரி ரயில், அங்கிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு (பழைய போர்ட் பிளேர்) விமானம், பிறகு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கப்பல். போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஓடிவிடும், செலவும் அதிகம்தான். ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன். கரையிலிருந்தே இறங்கி நடந்து போகக்கூடிய நீமோ ரீஃப் மாதிரி ஆழமில்லாத இடம் இருக்கிறது. காலையில் படகில் தூரமான இடங்களுக்குப் போய்விட்டு, மதியம் அதே பழைய ஆழமில்லாத இடத்தில் கேமராவோடு ஒரு மணி நேரம் கிடக்கலாம். முதல் நாள் பார்த்த கோமாளி மீன் மறுநாளும் அதே கடல் சாமந்தியில்தான் இருக்கும். நேற்று வராத படத்தை இன்று எடுத்துப் பார்க்க அதைவிட வேறென்ன வசதி வேண்டும்? தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்தமானில் குறைவில்லை. ஆனால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். குழுவில் யாருக்காவது அது சிரமம் என்றால், தமிழ் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

செலவை மொத்தமாகப் பார்த்துப் பயப்படாமல், ஒரு டைவுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் எட்டுப் பத்து டைவ் கிடைக்கும் பயணமும், மூன்று நாளில் நாலு டைவ் கிடைக்கும் பயணமும் பார்வைக்கு வேறு வேறு விலையில் இருக்கும். வகுத்தால் பல நேரம் முதலாவதுதான் மலிவு.

திருகோணமலை நம்மவர்கள் யோசிக்காத இடம். இங்கே கடலைக் கலக்குகிற அதே மேற்குக் காற்று, இலங்கையின் கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் மே முதல் செப்டம்பர்வரை அங்கே கடல் அமைதி. ஆடிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் பக்கத்தில் இல்லை. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கரைக்கு அருகிலேயே ஆழமில்லாத பவளமும், ரீஃப் சுறாக்களும் உண்டு. படகுக்காரரோடும் கடைக்காரரோடும் தமிழிலேயே பேசலாம், சாப்பாடும் நம் வாய்க்கு ஒத்துப்போகும். பாஸ்போர்ட்டும் இணையவழிப் பயண அனுமதியும் வேண்டும். கொழும்பில் இறங்கி மறுபடி நீண்ட சாலைப் பயணம். புறாத்தீவில் பகல் நேரத்தில் சுற்றுலாக் கூட்டம் குவியும், காலிலே மிதிபட்டு உடைந்த பவளமும் நிறைய. விடிந்ததும் முதல் படகில் போகிறவர்களுக்கே நல்ல படம்.

மாலத்தீவு மேப்பில் மிகப் பக்கம். திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் இலவச விசா. ஆனால் அங்கே பெரிய காட்சிகள் எல்லாம் நீரோட்டம் பாயும் வாய்க்கால்களில். ஓட்டத்தில் பாறையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மேலே போகும் சுறாவைப் பார்ப்பதுதான் அங்கத்திய பாணி. அதில் நின்று ஃப்ளாஷ் கோணத்தைத் திருத்திப் பழக முடியாது. கப்பலிலேயே தங்கும் பயணங்களில் பல, அனுபவம் குறைந்தவர்களைச் சேர்ப்பதும் இல்லை. செலவு டாலரில். முப்பது நாற்பது டைவ் முடித்த பிறகு உள்ளூர்த் தீவுகளின் கெஸ்ட் ஹவுஸில் தங்கிப் போய் வாருங்கள், அருமையாக இருக்கும்.

லட்சத்தீவின் தண்ணீர் அவ்வளவு தெளிவு, லகூன் அவ்வளவு அமைதி. பழகுவதற்கு மனசு அங்கேதான் இழுக்கும். ஆனால் நுழைவு அனுமதியும் கொச்சியிலிருந்து கப்பலோ விமானமோ குழுவில் எல்லோருக்கும் ஒரே தேதியில் அமைய வேண்டும். கல்யாணத் தேதிகளுக்கு நடுவே லீவு எடுக்கிற குழுவுக்கு அது பெரிய சூதாட்டம். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் போகலாமே என்பவர்களுக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அந்தத் தீவுகளுக்கு இஷ்டப்படி போக முடியாது. புதுச்சேரியில் நல்ல பயிற்சி கிடைக்கிறது, ஆனால் அங்கே பேர்போன செயற்கைப் பாறைத்திட்டு கிட்டத்தட்ட 18 மீட்டர் ஆழத்தில். மேலே சொன்ன காற்றுக் கணக்கைப் பாருங்கள். முருடேஸ்வரத்துக்கு அருகிலுள்ள நேத்ராணித் தீவு ஓரிரு நாள் உல்லாசத்துக்குச் சரி.

யாரோடு போவது

இடத்தைவிட இது முக்கியம். கடலடியில் ஒரு படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற ஆள்.

ஒரு பாறை இடுக்கில் அஞ்சாலை ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கடிக்க வருவதாகத் தோன்றும், உண்மையில் செவுளுக்குத் தண்ணீர் இழுத்து மூச்சு விடுகிறது. முதலில் வருகிறவர் ஒரு மீட்டர் தள்ளி, மணலைத் தொடாமல் இறங்கி நிற்கிறார். தண்ணீருக்குள் எல்லாமே கால் பங்கு அருகில் தெரியும், ஆகையால் கிட்டே வந்துவிட்டதாக நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் போக வேண்டும். ஃப்ளாஷை லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருபுறமும் விரித்து, வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கிறார். இரண்டு படம், மூன்று படம். அதற்குள் பின்னால் வந்தவர் எட்டிப் பார்க்கும் அவசரத்தில் காலைக் கீழே அடிக்கிறார். காலில் மாட்டிய துடுப்பு மணலைக் கிளப்புகிறது. அதற்குப் பிறகு எடுக்கும் எல்லாப் படத்திலும் சல்லடையில் மாவு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்; மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மின்னுகிறது. அஞ்சாலையும் உள்ளே போய்விடும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆளுக்குக் கலங்கலே மிச்சம்.

டைவ் சென்டர்கள் தாங்களாகவே ஆள் சேர்த்து நடத்தும் பொதுப் பயணம் விலை குறைவு. ஆனால் கூட வருகிறவர்கள் பலர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். கைடு அவர்களுக்காக நகர்ந்துகொண்டே இருப்பார். ஒரு உயிரின் முன்னால் பத்து நிமிடம் நிற்க வேண்டியவர் பின்தங்குவார், அல்லது ஒரு படமும் வராமல் துரத்திக்கொண்டு போவார். பின்தங்குவது ஆபத்தும்கூட. எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்படிப் போய் ஒரே கைடின் பின்னால் எட்டுப் பேராக நீந்தியது. வாரம் முழுக்க எடுத்ததில் பாதி முன்னால் போனவரின் துடுப்புதான். கடலடி ஃபோட்டோகிராஃபி பட்டறை என்றே நடத்தும் பயணங்கள் நல்லவை. ஆனால் அங்கே பாடம் டைவிங்கில் கைதேர்ந்தவர்களுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும். புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர் திணறுவார்.

மிச்சம் இருப்பது நாமே நான்கு பேராகச் சேர்ந்து, ஒரு கைடை நமக்கென்று தனியாக அமர்த்திக்கொள்வது. இதுதான் என் தேர்வு. நான்கு என்றால் இரண்டு ஜோடி. ஒருவர் படம் எடுக்கும்போது ஜோடியாள் அவருடைய காற்றையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்கிறவர் வ்யூஃபைண்டருக்குள் மூழ்கி அளவுமானியைப் பார்க்க மறப்பது சகஜம். அடுத்த உயிர் வரும்போது மாறிக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஆள் வந்தால் ஜோடி உடையும்; அவரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர்? மதிய டைவை ஒரே ஆழமில்லாத இடத்தில் தினமும் வைக்க முடியுமா? படகில் கேமராவுக்கென்று தனி நல்ல தண்ணீர்த் தொட்டி உண்டா? மருத்துவப் படிவம் கேட்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஆஸ்துமா, காது, சைனஸ், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேமரா

வீட்டில் இருக்கிற ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கே ஹவுசிங் (தண்ணீர் புகாத உறை) வாங்கிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஹவுசிங் விலை கேமரா விலைக்குச் சமமாகவோ மேலாகவோ போகும். வைட் லென்ஸுக்கு டோம் என்கிற குவிந்த முகப்பு வேறு, ஃப்ளாஷ், அதைத் தாங்கும் கைகள், இணைப்புகள் வேறு. தண்ணீருக்குள் அது பெரிய சுமை. தொழில் செய்து சோறு போடுகிற கேமராவை முதல் வருடத்திலேயே உப்புத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஆக்‌ஷன் கேமரா மலிவு, சிறியது. கோப்ரோ ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர் தாங்கும், அதற்கான ஹவுசிங்கோடு 60 மீட்டர். வீடியோவுக்கு அருமை. ஆனால் ஃபோட்டோ பழக அதில் கற்க ஒன்றும் இல்லை. வெளிச்சத்தை நம் கையில் தராது, சின்ன உயிரின் கிட்டே போகவும் விடாது.

ஒலிம்பஸ் டிஜி-6, அதற்குப் பிறகு வந்த டிஜி-7 மாதிரியான கையடக்கக் கேமராதான் நடுவழி. ரா ஃபைல் எடுக்கும், நகத்தளவு உயிரின் அருகே சென்டிமீட்டர் கணக்கில் போகும். தனியாகவே 15 மீட்டர் தாங்கும் என்று போட்டிருக்கும், ஆனால் உங்கள் சான்றிதழோ 18 மீட்டருக்கு. ஆகவே ஹவுசிங் கட்டாயம் வாங்குங்கள், அதில் 45 மீட்டர்வரை போகலாம். பழையதாகவும் கிடைக்கும். கூடவே ஒரு சின்ன ஃப்ளாஷ், அல்லது அதுவும் முடியாவிட்டால் ஒரு வீடியோ லைட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹவுசிங்கின் உயிர் ஓ-ரிங்கில். அறைக்குள், மின்விசிறியை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கருப்பு ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல், துண்டின் நூலிழை எது தட்டுப்பட்டாலும் எடுத்துவிட வேண்டும். அது ஒன்றே தண்ணீரை உள்ளே விடப் போதும். கிரீஸ் மினுமினுப்பு வரும் அளவுக்குத்தான், அள்ளிப் பூசினால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம். மேலே வந்ததும் திறக்காதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொரு பட்டனையும் பத்து முறை அழுத்தி உப்பை வெளியேற்றிய பிறகு துடைத்துத் திறவுங்கள். கிளம்புவதற்கு முன் வெறும் ஹவுசிங்கைக் கேமரா இல்லாமல் ஒரு முறை தண்ணீருக்கடியில் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது.

படத்துக்காக எதையும் தொடவோ, நகர்த்தவோ, குச்சியால் குத்தி வெளியே வரவைக்கவோ கூடாது. பவளமும் கடல்குதிரையும் கடலட்டையும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைச் சொல்வேன்.

நம் கரையிலேயே பழகினால் என்ன?

கேட்கிறவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். எழுபது கிலோமீட்டர் அளவுக்குக் கடற்கரை இருக்கும்போது எதற்கு அந்தமான்? ஆனால் நம் கரை திறந்த கரை, அலை முரடு. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. காற்றே இல்லாத நாளிலும் தெற்கே வெகு தொலைவிலிருந்து வரும் கள்ளக்கடல் அலை திடீரென எழும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் எச்சரிக்கை கொடுத்தால் அன்று கடல் பக்கமே போகாதீர்கள். குழுவாகப் பழக இது இடம் இல்லை.

ஆனால் பழகிய பிறகு திரும்பி வர வேண்டிய இடம் இதுதான். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடலுக்கடியில் பாறைத்திட்டுகள், நம் பேச்சில் பார்கள், வரிசையாகக் கிடக்கின்றன. எந்தப் பாரில் எந்த மாதம் கலவா வரும், எங்கே கல்லிறால் ஒதுங்கும் என்பதெல்லாம் முட்டத்திலும் கடியபட்டணத்திலும் தூத்தூரிலும் வயதான மீனவர்களுக்கு மனப்பாடம். அவற்றின் படம் மட்டும் நம்மிடம் மிகக் குறைவு. திருவனந்தபுரக் கரையில் மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ராபர்ட் பனிப்பிள்ளை டைவிங் கற்று, தென்கரையின் பார்களைக் கடலடியில் பதிவு செய்துவருகிறார். அந்த வேலையைக் குமரிக் கரையில் தொடர இன்னும் பல கைகள் வேண்டும். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் கரைவரை வந்து ஒதுங்கின. கீழே பார்களில் என்ன ஆனது என்று காட்ட, முன்னால் எடுத்த படம் கையில் இருந்தால்தானே முடியும்? கல்யாண ஆல்பத்தில் வெளிச்சத்தை இவ்வளவு அழகாகக் கையாளுகிறவர்கள் இந்த வேலைக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். தை, மாசியில் காற்று விழுந்த காலை நேரங்களில், சிப்பிக்குப் போகிற ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவர் சரி என்று சொல்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

சரி, தவக்காலத்தில் ஹேவ்லாக் என்று முடிவாகிவிட்டால், ஐப்பசியிலேயே டாக்டரைப் பாருங்கள், மார்கழியில் கோவளம், தையில் அங்கேயே இன்னும் சில டைவ். விமானச் சீட்டு போடும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் முழுசாக ஒரு நாள் விடுங்கள். பல நாள் டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது, 24 என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அந்த நாளைக் கடைத்தெருவில் கழிக்காமல், நான்கு பேரும் ஒரு லேப்டாப் முன்னால் உட்காருங்கள். ஆளுக்குப் பத்துப் படம், கைடையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எந்த உயிரின் முன்னால் யார் எவ்வளவு தூரத்தில் நின்றார், ஃப்ளாஷ் எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.